பாக்கெட் பார்க்கும் வேலை

சலவைக் கடை அண்ணனுக்கு எங்கள் தெருவில் 'மூணு தடவை' என்று பெயர். வைத்தது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊரறிந்த விஷயம். சலவைக்கு வருகிற ஒவ்வொரு துணியின் பாக்கெட்டையும் அவர் மூன்று தடவை பார்ப்பார். முதலில் கையை விட்டுத் துழாவுவார். பிறகு பாக்கெட்டை வெளியே இழுத்து உதறுவார். பிறகு துணியை மேசைமேல் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் மேலிருந்து கீழ்வரை தடவுவார். கைக்குட்டைக்கும் இதே மரியாதைதான்.

"ஏண்ணா, கைக்குட்டைல எங்கண்ணா பாக்கெட் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லன்னு பாத்தாதானே தெரியும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் கேலி வரவில்லை.

நான் பக்கத்துக் கடை. கடை என்பது சும்மா ஒரு பெருமைக்கு. அவருடைய பின்அறையைச் சுவர் வைத்துத் தடுத்த எட்டுக்குப் பத்து இடம். ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், அலமாரி நிறைய பட்டன் டப்பா. அறுந்த பட்டன், பிரிந்த ஓரம், பல்லிளித்த ஜிப், இவைதான் என் பிழைப்பு. முக்கால்வாசி வேலை அவர் கடைக்கு வருகிற துணியிலிருந்துதான் வரும். அதனால் அவர் என்னை 'பட்டன்' என்றே கூப்பிடுவார். சுவரில் ஒரு கதவு உண்டு, அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் என் வீட்டுக்காரரைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். கூடப் பிறக்காத அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு காலத்தில் அவர் தனி ஆள் இல்லை. இஸ்திரி போட ஒரு அக்கா இருந்தார். பாடிக்கொண்டே தேய்ப்பார், சுருதி சேராது, மடிப்பு மட்டும் கச்சிதமாக விழும். துவைத்த துணியை வீடு வீடாகக் கொடுத்துவர வேன்காரர் ஒருவர் இருந்தார். அண்ணன் துணி வாங்கி, எண் துணுக்கைக் குத்தி, பாக்கெட் பார்த்து, மிஷினில் போடுவதோடு சரி. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த மனிதர். "எல்லாத்தையும் நானே செஞ்சா நான் முதலாளியா, கழுதையா?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

அந்தச் சிரிப்பு நின்ற நாள், காலை பத்து மணி இருக்கும். பல வீட்டுத் துணி சேர்ந்த பெரிய மூட்டை ஒன்றைப் பிரித்துப் பாதித் துணிக்குப் பாக்கெட் பார்த்திருந்தார். போன் வந்தது. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். முகம் வெளுத்துப்போய் என் கதவருகே வந்து நின்றார்.

"பட்டன், மீதிக்கு பாக்கெட் மட்டும் பாத்து மிஷின்ல போட்டுடும்மா. ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

"போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன், என்னமோ பிறந்ததிலிருந்தே சலவைக் கடை நடத்தியவள் மாதிரி.

எனக்கு அப்போது என் தங்கையோடு போனில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொல்ல, நான் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் போனை வைப்பதாக இல்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு துணியை எடுத்தேன். மூட்டையில் நீலக் கோட்டு இரண்டு இருந்தன. பஞ்சு வைத்துத் தைத்த, தண்ணீரில் துவைக்கிற ரகம். ஒன்று அண்ணன் பார்த்து முடித்த குவியலில் இருந்தது. இன்னொன்று என் பங்கில் வந்தது, ஒரு பெண் போட்டிருந்த கோட்டு. வெளிப் பாக்கெட் இரண்டிலும் கையை விட்டேன். ஒரு ஹேர்பின் கிடைத்தது, எடுத்து வைத்தேன். உள்பக்கம் நெஞ்சுக்கு நேரே இன்னொரு பாக்கெட் இருந்தது. அதற்குள் நான் கை விடவில்லை. எல்லாவற்றையும் மிஷினில் திணித்துக் கதவைச் சாத்தினேன். இதில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை, வரும்போது சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கால் பிசகல்தான், பெரிதாக ஒன்றுமில்லை என்று அண்ணன் திரும்பி வந்தார். மிஷின் நின்ற சமயம் ஒரு மனிதர் செருப்பில்லாமல் கடைக்குள் ஓடி வந்தார். காலையில் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து போட்டவர். பத்து நாள் முன்னால் மனைவியை இழந்தவர். மனைவியின் கோட்டைத் துவைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் மனைவியின் அக்கா போனில் சொல்லியிருக்கிறார். கடைசி நாட்களில் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அவர் மனைவியால் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி புருஷனுக்குக் கடிதம் எழுதி, அதைக் கோட்டின் உள்பாக்கெட்டில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார். அக்காவும் வைத்திருக்கிறார். துக்கத்தில் சொல்ல மறந்துவிட்டார்.

மிஷினின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்த மனிதர் அதைப் பார்த்தபடியே நின்றார்.

"நான்தாங்க பாத்தேன்" என்றார் அண்ணன். "நீலக் கோட்டை நான்தான் பாத்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு. உள்பாக்கெட்டை விட்டிருக்கேன். என்னை மன்னிச்சுடுங்க."

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். 'அது வேற கோட்டுண்ணா, இது என் பங்குல வந்தது' என்று ஒரு வரி. என் வீட்டுக்காரரை மூன்று தெரு கேட்கத் திட்டுகிற இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

அண்ணன் மூன்று நாள் கடையைச் சாத்தினார். சாமணம் வைத்து அந்தக் கோட்டிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் காகிதத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் துண்டில் பரப்பிக் காயவைத்தார். ஒரே ஒரு துணுக்கில் இரண்டு எழுத்து தெரிந்தது. அது எந்த வார்த்தையின் பாதி என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். மீதியெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அந்த மனிதர் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுவாரம் அண்ணன் இஸ்திரி அக்காவையும் வேன்காரரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். "என் கையே இப்படி ஏமாத்துச்சுன்னா, அடுத்தவங்க கையை எப்படி நம்பறது?" என்றார். அன்றிலிருந்து எல்லாம் அவரே. துவைப்பது, உலர்த்துவது, தேய்ப்பது, மடிப்பது எல்லாம். 'இதோ வந்துவிடுகிறேன்' என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டு, துணியைக் கொடுத்துவர ஓடுவது. ஓடிவந்து மறுபடி பாக்கெட். சாப்பாடு நின்றபடியே. முதலில் கல்யாணப் பேச்சு நின்றது, அப்புறம் அம்மா போனார், அப்புறம் பேச்சே குறைந்தது. ஒரு துணியைத் தடவும்போது கை பாதியில் நிற்கும். தலையைச் சாய்த்து எதையோ கேட்பார். ஒன்றும் இருக்காது. மறுபடி முதலிலிருந்து தடவுவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்றால் பாருங்கள். பொறுக்க முடியாதது சனிக்கிழமைதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த மனிதர் வருவார். கையில் ஒரே ஒரு சட்டை இருக்கும். அதுவும் அழுக்கே இல்லாத சட்டை, எங்கள் கடை சோப்பு வாசனை இன்னும் போகாதது. அதைக் கொடுத்துவிட்டு, துவைத்து முடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்து மிஷினின் கண்ணாடிக் கதவையே பார்ப்பார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த ஒரு மணி நேரமும் துணியே வைக்காமல் என் தையல் மிஷினை வெறுமனே மிதித்துக்கொண்டிருப்பேன், அந்த அமைதி காதில் விழக்கூடாது என்று.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'உங்க கை ஏமாத்தலண்ணா, என் கைதான்' என்றால் அவர் என்ன சொல்வார்? 'பாத்தியா, அடுத்தவங்ககிட்ட கொடுத்தது தப்பு' என்று இன்னும் இறுகிப்போவார். ஆகவே சொல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது. நல்ல சமாதானம், இல்லையா? கோழை மனசுக்குச் சமாதானம் தேடித் தருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

போன மாதம் அவருடைய இடுப்பு விட்டுவிட்டது. பல வருடமாக நின்றே தேய்ந்த இடுப்பு. ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். முடிந்தபின் மூன்று மாதம் நிற்கவே கூடாது. அவருடைய தங்கை வெளியூரிலிருந்து வந்து இறங்கினாள். கெட்டிக்காரி, அழ மாட்டாள், வேலையை முடிப்பாள். மிஷின்களை வாங்க ஒருவரையும் பிடித்துவிட்டாள். திங்கட்கிழமை வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

"மிஷின் போனா இவர் உயிரோட இருப்பாரா அக்கா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். வயதில் நான் மூத்தவள், அதனால் அக்கா. "நீங்களாவது சொல்லுங்களேன். மூணே மாசத்துக்கு வேலையைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. நான் கடையை விக்கணும்னு ஆசைப்படல."

அவர் வாழ்க்கையே அந்தக் கடைதான். அது போனால் வீட்டுக்குள் உட்கார்ந்து தலையணை உறையைத் தடவிக்கொண்டு கிடப்பார் என்பது எனக்குத் தெரியும். புதன்கிழமை பேப்பரும் பேனாவுமாகப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணா, துணி கொண்டுபோய்க் கொடுக்கறதுக்கு வேன்காரர் வர்றேன்னு சொல்லிட்டார்."

"அவர் ஹேங்கரைத் திருப்பி மாட்டுவார்."

"திருப்பி மாட்டினா துணி என்ன கோச்சுக்குமா? சரி, இஸ்திரிக்கு அக்கா."

"பாட்டு பாடும்."

"பாடட்டும், நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன். போன் எடுக்க உங்க தங்கச்சி."

"எடுத்தவுடனே 'யாரு'ன்னு கேக்கும். 'வணக்கம்'னு சொல்லணும்."

ஒவ்வொன்றாகச் சண்டை போட்டு, கெஞ்சி, மிரட்டி, எல்லாவற்றுக்கும் 'சரி' வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கடைசியில் ஒன்றுதான் மிச்சம்.

"பாக்கெட்டை யார் பாக்கறது?" என்றேன்.

"அதை யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்."

"அண்ணா, அது இல்லாம மத்ததெல்லாம் கொடுத்து என்ன பிரயோஜனம்? மிஷின் ஓடாதே."

"அப்போ திங்கக்கிழமை அவர் வந்து எடுத்துட்டுப் போகட்டும்." மெதுவாகத்தான் சொன்னார். "நான் ஒரு பாக்கெட்டை விட்டேன். ஒரு மனுஷனுக்கு அவர் பொண்டாட்டி கடைசியா சொன்னது இல்லாம போச்சு. இன்னொரு கை இதைச் செய்யவேண்டாம் பட்டன். செஞ்ச கைக்குத்தான் அந்தப் பாரம் தெரியும்."

பேனாவைக் கீழே வைத்தேன். சொன்னேன்.

"நீங்க விடலண்ணா. அன்னிக்கு நீலக் கோட்டு ரெண்டு இருந்துது. நீங்க பாத்தது வேற. அந்தம்மா கோட்டு என் பங்குல வந்துது. நான்தான் உள்பாக்கெட்டைப் பாக்கல."

அவர் என்னையே பார்த்தார்.

"உள்பாக்கெட்டைப் பாருன்னு நான் உனக்குச் சொன்னேனா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா."

"வெறுமனே பாக்கெட் பாத்துடுன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். எத்தனை பாக்கெட், எங்கெங்க இருக்கும், ஒண்ணும் சொல்லல." தலையை ஆட்டிக்கொண்டார். "வேலையைக் கொடுத்தவன் சரியா கொடுக்கல. அப்போ அதுவும் என் தப்புதான்."

அடப்பாவி மனுஷா! பதினோரு வருடம் பூட்டி வைத்ததைக் கொண்டுவந்து கொட்டினால், அதையும் அள்ளித் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று முன்னால் சொன்னேனே, அது அப்போதுதான் வந்தது.

"நீங்க சொல்லியிருந்தாலும் அதேதாண்ணா நடந்திருக்கும். கோட்டை மடிச்சு மிஷின்ல அழுத்தும்போது உள்ளங்கைல பட்டுது. காயிதம். மொடமொடன்னு. என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது. கையை விட்டு எடுத்திருக்கலாம். போன்ல தங்கச்சிக்கு ஒரு பதில் சொல்லவேண்டியிருந்துது. சொல்லி ஜெயிக்கணும். அதனால அப்படியே தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்."

அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கைத்தடியைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு குத்து. "போ" என்றார். "எந்திரிச்சுப் போயிடு என் கண்ணு முன்னாலேர்ந்து." சுவர்க்கதவை இழுத்து, கீல் துருப்பிடித்துப்போயிருந்ததால் இரண்டு கையாலும் இழுத்து, சாத்தினார். என் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பட்டன் டப்பாக்களைப் பார்த்தபடியே அழுதேன்.

சனிக்கிழமை காலை கதவு திறந்தது. அண்ணன் தடியை ஊன்றி நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னிக்கு முதல் சனிக்கிழமை. அவர் வருவார்" என்றார். "இத்தனை வருஷமா அவரை நான் பாத்துக்கிட்டேன். இனிமே அது உன் வேலை. நீயே சொல்லு. நான் கூட நிக்க மாட்டேன், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன். பாக்கெட் விஷயத்தை அப்புறம் யோசிக்கறேன்."

மத்தியானம் அந்த மனிதர் வந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. கையில் அதே மாதிரி ஒரு சட்டை. அண்ணன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் நான்.

"ஐயா" என்றேன். அவர் நிமிர்ந்தார். சொன்னேன். கோட்டு இரண்டு இருந்ததை, போனை, தங்கையை, ஹேர்பின்னை, உள்ளங்கையில் பட்டதை, எதையும் குறைக்காமல் சொன்னேன். இவ்வளவு நாள் அண்ணன் கெட்ட பெயர் சுமந்ததையும் சொன்னேன். என்னை அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அறைந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

அவர் பெஞ்சில் உட்காரவில்லை. சட்டையைக் கவுன்ட்டர்மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரைப் பார்த்தபடியே அண்ணனின் குரல் வந்தது. "சட்டையை வாங்கிக்கோ. நீயே பாரு. வெளில ஒண்ணு, சில சட்டைல உள்பக்கம் ஒண்ணு தெச்சிருப்பாங்க. மடக்கின கையிலயும் பாக்கணும். காலருக்கு உள்ளயும் பாக்கணும்."

நான் பார்த்தேன். கையை விட்டேன், வெளியே இழுத்து உதறினேன், மேசையில் பரப்பித் தடவினேன். எனக்குக் கண்ணை மூடத் தைரியம் வரவில்லை. "ஒண்ணுமில்லண்ணா" என்றேன்.

"உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றார் அண்ணன். "திங்கக்கிழமை வர்றவர்கிட்ட மிஷின் விக்கறதா இல்லன்னு தங்கச்சி சொல்லிடும்."

அந்த மனிதர் வாசல்வரை போய்விட்டார். பிறகு நின்று, திரும்பி என்னிடம் வந்தார். அவருடைய விரல்கள் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"அம்மா, உங்க கைல பட்டதுன்னு சொன்னீங்களே. அது எப்படி இருந்துது? மெலிசா, ஒரே ஒரு சீட்டு மாதிரியா?"

எத்தனை நாளாக இந்த உள்ளங்கையில் அது இருக்கிறது, எனக்குத் தெரியாதா?

"இல்லீங்க. தடிமனா இருந்துது. நாலா மடிச்சது. ஏழெட்டு தாளாவது இருக்கும்."

அவர் உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

"கிடைச்ச தூள் கொஞ்சூண்டு இருந்துதா," என்றார், "ஒரு வரிதான் எழுதியிருப்பான்னு நெனச்சுட்டு இருந்தேன். அவ்வளவு எழுதினாளா."